கல்லீரல் நோயைப் பாடநூலில் படிக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. கொழுப்புக் கல்லீரல் முற்றி 'சிரோசிஸ்' (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) வந்துவிட்டது என்கிறார்கள். நோயைப் புரிந்துகொள்ள, பழைய மருத்துவப் பாடநூல் ஒன்றை வாங்கிப் படித்துவருகிறேன். ஆயுள் சுமார் இரண்டு ஆண்டு என்று ஓர் இடத்தில் இருக்கிறது. மூளை குழம்பாமலிருக்கப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பதால் முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. 36, பிலிருபின் 1.1, அல்புமின் 3.9, ஐ.என்.ஆர். 1.1, பிளேட்லெட் 1,10,000. வயிற்றில் நீர் இல்லை, மனக்குழப்பமும் இல்லை. நான் படிப்பது சரிதானா?

பதில்: தாராளமாகப் படியுங்கள். ஆனால் நிறுத்திய முட்டை, பருப்பு, பாலை இன்றே திரும்பக் கொடுங்கள்.

புரதத்தைக் குறைக்கும் அறிவுரை ஒரு காலத்தில் பாடநூல்களில் இருந்தது உண்மைதான். புரதத்திலிருந்து உண்டாகும் அம்மோனியாவைப் பழுதான கல்லீரலால் முழுதாக அகற்ற முடியாது, அது மூளையைத் தாக்கும் என்பது அதற்கான காரணம். ஆனால் அம்மோனியாவில் ஒரு பங்கைத் தசைகளும் அகற்றுகின்றன. புரதம் குறைந்தால் தசை கரையும். எதைத் தடுக்க நினைத்தோமோ அதுவே வரும். இப்போதைய பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். படுக்கப்போகும் முன் சிறிது உண்பதும் தசையைக் காக்கும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

ஆகவே புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு ஆண்டு. கல்லீரலின் அமைப்பு, ரத்த ஓட்டம், பித்தம் உண்டாகும் விதம் ஆகியவை பழைய பதிப்பிலும் சரியாகவே இருக்கும். சிகிச்சைப் பகுதிதான் சீக்கிரம் பழசாகும். ஹெபடைடிஸ் சி-க்கு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி என்று பழைய நூல் சொல்லும். இன்று பெரும்பாலானோருக்கு 8 முதல் 12 வார மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது. கொழுப்புக் கல்லீரல் நோயின் ஆங்கிலப் பெயரே 2023-இல் NAFLD என்பதிலிருந்து MASLD என மாறிவிட்டது. புதிய பதிப்பின் பொருளகராதியில் பழைய பெயரில் கிடைக்காவிட்டால் புதிய பெயரில் தேடுங்கள்.

அடுத்து, அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு. சிரோசிஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு கட்டங்கள் உண்டு. வயிற்றில் நீர், ரத்த வாந்தி, மஞ்சள்காமாலை, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஏதாவது வந்துவிட்டவர்களுக்கான கணக்கைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். உங்கள் நூலிலேயே நோயின் தீவிரத்தை மதிப்பெண்ணால் அளக்கும் 'சைல்டு-பியூ' அட்டவணை இருக்கும், எடுத்துப் பாருங்கள். பிலிருபின் 2-க்குக் கீழ், அல்புமின் 3.5-க்கு மேல், ஐ.என்.ஆர். 1.7-க்குக் கீழ், நீர் இல்லை, குழப்பம் இல்லை: ஒவ்வொன்றுக்கும் 1 வீதம் மொத்தம் 5. இது 'ஏ' வகுப்பு, இருப்பதிலேயே குறைந்த, அதாவது மிக நல்ல மதிப்பெண். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் 12 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். மதுவை அறவே தவிர்த்து, எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் நிலைமை மேலும் நன்றாக இருக்கும்.

எஸ்.ஜி.பி.டி. 36 என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது கல்லீரல் செல்கள் சிதைவதைக் காட்டும் எண். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, கல்லீரல் உண்டாக்கும் புரதமான அல்புமினும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆரும்தான் சொல்லும். சிரோசிஸ் இருந்தும் எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பது சாதாரணம். உங்கள் ரிப்போர்ட்டில் என் கண்ணை உறுத்துவது இயல்பைவிடக் குறைந்திருக்கும் பிளேட்லெட். கல்லீரலுக்குள் ரத்தம் நுழையத் தடை ஏற்பட்டால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே தடையால் உண்டாகும் அழுத்தம் உணவுக்குழாயின் ரத்தநாளங்களையும் புடைக்கச் செய்யலாம். எண்டோஸ்கோபி தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் வேண்டும்.

நூலில் உள்ள மருந்து அளவுகளை மட்டும் நீங்களாகக் கையாளாதீர்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. கறுத்த மலம், ரத்த வாந்தி, பகலெல்லாம் தூக்கம், உளறல், வயிறு உப்பிக் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.