240 வாட் பவர் சப்ளை உள்ள பழைய டெஸ்க்டாப்பில் கேம் ஆட எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?

கார்டைத் தேடும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் 6 பின் அல்லது 8 பின் கேபிள் வருகிறதா? பெரும்பாலான ஆபீஸ் டெஸ்க்டாப்களில் வராது. அப்படியென்றால், மதர்போர்டின் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் உங்களுக்குச் சரி.

என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, அதுவும் 6 ஜிபி மாடல். 70 வாட்தான் எடுக்கும். அதே பெயரில் வரும் 8 ஜிபி மாடலுக்கு 130 வாட் வேண்டும், தனிக் கேபிளும் வேண்டும். பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவாகவே மின்சாரம் எடுக்கும். ஆனால் அது ஸ்லாட்டில் 4 லேன் (தரவு செல்லும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால், பழைய தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுகளில் வேகம் குறையும். பழைய சிஸ்டத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அவ்வளவு மின்சாரத்தை அந்தக் கனெக்டர் தாங்காது, உருகிவிடலாம்.

கேபினெட் ஒல்லியானது என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு வேண்டும். ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் இன்னொன்று சேருங்கள், பல கேம்களில் திக்கல் குறையும். மாட்டியபின் மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் செருகுங்கள். மதர்போர்டிலேயே விட்டுவிட்டால் பழைய வேகம்தான் கிடைக்கும்.