சப்பை டீமோடு ஆடினால் என்ன கிடைக்கும்?

கேள்வி: என் மகன் டெக்சாஸில் படிக்கிறான். அவனால் எனக்கும் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பெரிய அணிகள் சீசன் தொடக்கத்தில் பேர் தெரியாத அணிகளைக் கூப்பிட்டு 50 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கின்றன. யாரோடு ஆடுவது என்பதை அவர்களே முடிவு செய்ய முடியுமா? இதில் என்ன பெருமை?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: முடியும். சிக்கலே அதில்தான். அங்கே ஒரு அணிக்கு சீசனில் 12 ஆட்டம். நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் மண்டலம் இருப்பதுபோல அங்கே கான்ஃபரன்ஸ். எட்டோ ஒன்பதோ ஆட்டங்களை அதுவே போட்டுக் கொடுத்துவிடும். மிச்சத்தைக் கல்லூரியே பேசி முடித்துக்கொள்ளலாம். சின்னக் கல்லூரியைப் பணம் கொடுத்து வரவழைப்பார்கள். சொந்த மைதானத்தில் டிக்கெட் விற்கும், கணக்கில் ஒரு வெற்றியும் சேரும். அங்கே இப்படிப்பட்ட எதிரணிக்குக் 'கப்கேக்' என்று பெயர். நம் மைதானத்தில் சப்பை டீம்.

சப்பை என்று நினைத்தது கடித்ததும் உண்டு. 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகம், 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டை வரவழைத்தது. தரவரிசையில் மிச்சிகன் 5-ஆம் இடம். வந்தவர்கள் ஒரு படி கீழே உள்ள பிரிவு. லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி நொடிகளில் ஜெயிப்பதற்காக மிச்சிகன் உதைத்த பந்தைத் தடுத்து 34-32 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

ஆனாலும் பயிற்சியாளர்களை நான் திட்ட மாட்டேன். 2024 முதல் 12 அணிகள் பிளே-ஆஃபுக்கு, அதாவது சாம்பியனை முடிவு செய்யும் நாக்-அவுட் சுற்றுக்குப் போகின்றன. பெரும்பாலான இடங்களை முடிவு செய்வது ஒரு தேர்வுக் குழுவின் தரவரிசை. அந்த ஆண்டு இந்தியானா, லூயிவில்லோடு இருந்த ஆட்டத்தை விலக்கிவிட்டு, கான்ஃபரன்ஸுக்கு வெளியே மூன்று எளிய அணிகளோடு சொந்த ஊரில் ஆடியது. 11 வெற்றி, 1 தோல்வி, இடம் கிடைத்தது. 2025-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆட்டமே நடப்பு சாம்பியன் ஓஹாயோ ஸ்டேட்டோடு, அதுவும் அவர்கள் ஊரில். 14-7 தோல்வி. சீசன் முடிவில் 9 வெற்றி, 3 தோல்வி, இடம் இல்லை. ஃப்ளோரிடாவிடம் தோற்றதும் ஒரு காரணம்தான். ஆனால் துணிந்து போனதற்குப் பலன் இல்லை என்றால் அடுத்த ஆண்டு யார் போவார்கள்?

அந்தப் பயம் எனக்கும் தெரியும். சென்னையில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியை 22 ஆண்டு நடத்தினேன். ஒரு வருடம் டோர்னமென்டுக்கு முன்னால் வியாசர்பாடிப் பையன்கள் பிராக்டீஸ் மேட்ச் கேட்டார்கள். அவர்கள் வேகம் தெரியும். தோற்றால் பையன்கள் மனசு உடையும் என்று மறுத்துவிட்டேன். மூன்று எளிய அணிகளோடு ஆடி 5-0, 6-0 என்று ஜெயித்தோம். மூன்று ஆட்டத்திலும் எங்கள் கோல்கீப்பரின் வெள்ளை ட்ரவுசரில் மண் ஒட்டவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டோர்னமென்டில் முதல் ரவுண்டிலேயே 0-3. ஆட்டம் முடிந்து எங்கள் கோல்கீப்பர் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "சார், இந்த மாதிரி பால் எனக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல சார்" என்றான். என்னிடம் பதில் இல்லை. மறுவருடம் நானே வியாசர்பாடிக்கு அணியைக் கூட்டிப்போனேன். 1-4 தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் அந்த நான்கு கோலையும் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தான்.

பெருமை கேட்டீர்கள். சப்பை டீமோடு ஆடுவதில் பெருமை கிடையாது. பையன்களுக்குப் பயனும் கிடையாது. டெக்சாஸ் இருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் 2026 முதல் தான் போட்டுக் கொடுக்கும் 8 ஆட்டத்தை 9 ஆக்குகிறது, நல்ல விஷயம். அப்புறம், டெக்சாஸ்–ஓஹாயோ ஸ்டேட் ஒப்பந்தத்தின் இரண்டாவது ஆட்டம் 2026 செப்டம்பரில் டெக்சாஸின் சொந்த ஊரான ஆஸ்டினில். மகனை இப்போதே டிக்கெட்டுக்கு முயலச் சொல்லுங்கள்.