மேற்கத்திய வயலின் பதிவுகளை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்டு வளர்ந்தவர், அண்மையில் வந்த மேற்கத்திய வயலின், நால்வர் குழு (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ) பதிவுகளில் எதை முதலில் கேட்கலாம் என்பது கேள்வி. நான் கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறேன், பெரும்பாலும் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்காகத்தான், அதனால் நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். தயவுசெய்து சிம்பொனியில், அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய நீண்ட இசையில், தொடங்க வேண்டாம். ஐம்பது அறுபது வாத்தியம் ஒன்றாக எழும்பும்போது எந்த வரியைப் பிடிப்பதென்று தெரியாமல் எங்கள் காது முழிக்கும், பத்து நிமிசத்தில் நித்திரை வரும். எனக்கு வந்தது.

ஒற்றை வயலினில் தொடங்குங்கள். அமெரிக்க வயலின் கலைஞர் ஹிலாரி ஹான் 2023 இல் வெளியிட்ட இசாயி சொனாட்டாக்கள் (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட வாத்திய இசை) நல்ல வாசல். யூஜீன் இசாயி பெல்ஜியத்து வயலின் கலைஞர், இசையமைப்பாளர். 1923 இல் தனி வயலினுக்கென்று ஆறு சொனாட்டா எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வயலின் கலைஞருக்குக் காணிக்கையாக்கினார். ஹானுக்குச் சொல்லிக் கொடுத்த யாஷா பிராட்ஸ்கி இசாயியிடம் படித்தவர், அதாவது குருபரம்பரை அங்கேயும் இருக்கிறது. இரண்டாம் சொனாட்டாவைப் போடுங்கள். பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பார்ட்டிட்டா (நடன இசைகளின் தொடர்) ஒன்றின் தொடக்கத்தை மெல்ல வாசித்துவிட்டு, சட்டென்று கோபம் வந்த மாதிரி வெட்டிக்கொண்டு ஓடும், பிறகு திரும்பவும் அதே பாக்.

அந்தப் பாக் பிடித்துப்போனால், வயலின் கலைஞர் அகஸ்டின் ஹாடெலிக் 2021 இல் தந்த பாக் சொனாட்டா, பார்ட்டிட்டாத் தொகுப்புக்குப் போகலாம். இரண்டாம் பார்ட்டிட்டாவின் கடைசியில் வரும் ‘ஷக்கோன்’ சின்னதொரு அடியையே திரும்பத் திரும்ப எடுத்துக் கால் மணித்தியாலம் வரை விரிப்பது. பாட்டின் ஒரு வரியையே பல விதமாக விரிக்கும் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு அது சிரமமே இல்லை.

நால்வர் குழு என்றால் எனக்கு டேனிஷ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்தான். 2018 முதல் 2023 வரை ‘பிரிசம்’ என்று ஐந்து இசைத்தட்டு போட்டார்கள், ஒவ்வொன்றிலும் பாக் ஒன்று, பீத்தோவன் கடைசிக் காலத்தில் எழுதிய நால்வர் இசை ஒன்று, பிறகு வந்த ஒருவருடையது ஒன்று. நாலாவதை எடுங்கள். அதில் பீத்தோவனின் ஓபஸ் 132 (ஓபஸ் என்பது படைப்பு எண்) என்ற நால்வர் இசை இருக்கிறது. 1825 இல் கடும் நோய் வந்து எழும்பிய பிறகு, கடவுளுக்கு நன்றி சொல்லி அதன் மூன்றாம் பகுதியை எழுதினார், ‘லிடியன் முறையில்’ என்று தலைப்பிலேயே குறித்தும் வைத்தார். லிடியன் என்றால் சுரவரிசைப்படி எங்கள் கல்யாணி ராகம், அதே பிரதி மத்திமம் (உயர்ந்த ‘ம’). ஆனால் சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் கிடையாது, நாலு பேரும் நேர்கோடு போட்ட மாதிரி அசையாமல் இழுப்பார்கள், அதனால் முதல் தடவை கல்யாணி முகமே தெரியாது. கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் என் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பேசாமல் கேட்டுவிட்டு, “கல்யாணிக்குக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணி வைச்சிருக்கிறாங்கள்” என்றார். அடுத்த கிழமை அவரே வந்து திரும்பப் போடச் சொன்னார், அது வேறு கதை.

இன்னொன்று, இதை ஏ9 வீதி பஸ்ஸில் கேட்காதீர்கள். மெதுவான இடங்களில் ஒன்றுமே கேட்காது, நீங்கள் சத்தத்தைக் கூட்டிய நேரம் பார்த்து அவர்கள் ஓங்கி வாசிப்பார்கள். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, கோயில் லவுட்ஸ்பீக்கர் ஓய்ந்த பிறகு இயர்போனில் கேளுங்கள். முதலில் மேல் வயலினை விட்டுவிட்டு செலோவை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், மிச்ச மூன்றும் தானாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.

என்னிடம் படிக்கும் பெடியன் ஒருவன் அந்த இசாயியைக் கேட்டுவிட்டு, “சேர், இதை நான் வாசிச்சுப் பார்க்கட்டா?” என்றான். நாங்கள் தந்தியை ச ப ச ப என்று கட்டுகிறோம், அவர்களுக்கு நாலு தந்தியும் ஐந்தாம் சுர இடைவெளியில் ஜி டி ஏ ஈ, ஆகவே அப்படியே வராது என்று விளக்கினேன். வீட்டுக்குப் போய்த் தானே முறுக்கிப் பார்த்திருக்கிறான். முதல் தந்தி அறுந்துவிட்டது. அடுத்த மாதம் அவனுக்கு நாலாந்தரப் பரீட்சை, நான் யாழ்ப்பாணம் போய்த்தான் தந்தி வாங்கி வந்தேன்.