செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

செப்டிக் டேங்க் பராமரிப்பு, அதை மேற்பார்க்கும் உள்ளாட்சி சுகாதார விதிகள் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளில், பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

மூடியைத் திறந்து பார்த்தோம். தண்ணீர் மேலே வரை நிற்கிறது. டேங்க் நிறைந்துவிட்டது என்று அர்த்தமா? உடனே லாரியைக் கூப்பிடவேண்டுமா?

அவசரப்படாதீர்கள். செப்டிக் டேங்க் புழக்கத்துக்கு வந்த சில நாட்களிலேயே நிறைந்துவிடும். அதன்பிறகு எப்போதும் நிறைந்துதான் இருக்கும். உள்ளே ஒரு வாளி போனால் மறுபக்கம் ஒரு வாளி வெளியேறும். அப்படித்தான் அது வேலை செய்யவேண்டும்.

உள்ளே மூன்று அடுக்குகள் உண்டு. கனமானவை அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே பாலேடு போலத் திரண்டு மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர். வெளியேறும் முனையில் இருக்கும், ஆங்கில ‘T’ வடிவ டீ குழாயின் அடிவாய் இந்த நடு அடுக்குக்குள் இறங்கியிருக்கும், நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 30 முதல் 40 செ.மீ. வரை. ஏடும் போகாமல், கசடும் போகாமல் தெளிந்த நீர் மட்டும் வெளியேற இந்த ஒரு குழாய்தான் காவல். ஆகவே அளக்கவேண்டியது கசட்டின் உயரத்தை.

இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பு ஒன்றை எடுத்து, அதன் கீழ்ப்பகுதியில் ஒரு மீட்டருக்கு வெள்ளைத் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். வெளியேறும் முனைக்கு அருகில் ஏட்டை விலக்கிவிட்டு, அடி தட்டும்வரை செங்குத்தாக இறக்குங்கள். இரண்டு மூன்று நிமிடம் அசைக்காமல் பிடித்திருந்து மெதுவாக மேலே எடுங்கள். துணியில் கருந்துகள் அப்பியிருக்கும் உயரமே கசட்டின் உயரம். அதற்கு மேலே துணி வெறும் பழுப்பு நீரில் நனைந்திருக்கும். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஏட்டை அளக்க, கம்பின் நுனியில் 15 செ.மீ. சதுரப் பலகை ஒன்றை அறைந்துகொண்டு, ஏட்டைத் துளைத்துக் கீழே இறக்கி, மெல்லத் தூக்குங்கள். பலகை ஏட்டின் அடியில் முட்டுவது கைக்குத் தெரியும். அந்த இடத்தில் கம்பில் ஒரு கோடு.

கசட்டின் மேல்மட்டம் டீ குழாயின் அடிவாய்க்கு 30 செ.மீ. அருகில் வந்துவிட்டாலோ, ஏட்டின் அடிப்பக்கம் அந்த வாய்க்கு 15 செ.மீ. நெருங்கிவிட்டாலோ, ஏடும் கசடும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டாலோ, எது முந்துகிறதோ அதை வைத்து லாரிக்குச் சொல்லுங்கள்.

அளக்கும்போது தனியாக இருக்கவேண்டாம். குனிந்து முகத்தை உள்ளே நீட்டவேண்டாம். பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும். காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடு எடுக்கச் சொல்கிறார் சுகாதார ஆய்வாளர். பக்கத்து வீட்டில் எட்டு ஆண்டாகத் திறக்கவே இல்லை. ஒரு சிக்கலும் இல்லை. யார் சொல்வது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். கழிப்பறை நீரோடு சமையலறை, குளியலறை நீரும் வந்து சேரும் டேங்குக்கு, வடிவமைப்பாளர்களின் கைக்கணக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் கசடு. கழிப்பறை நீர் மட்டும் என்றால் 25 லிட்டர். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 லிட்டர் சேரும். 2000 லிட்டர் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 670 லிட்டர். ஆக மூன்று ஆண்டும் நான்கு மாதமும். அதே டேங்கை எட்டுப் பேர் பயன்படுத்தினால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுதான். இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் எட்டு ஆண்டுகூடத் தாங்கும். பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை.

ஆய்வாளர் ஏன் ஒரே கணக்கை எல்லோருக்கும் சொல்கிறார்? ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கம்பு விட்டு அளக்க எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது. ரசீதில் உள்ள தேதியைச் சரிபார்க்க முடியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை கசடு நீக்கம் என்று பரிந்துரைக்கிறது. ஜப்பானில் வீட்டுக்கு வீடு இருக்கும் ‘ஜோகாசோ’ எனும் சுத்திகரிப்புத் தொட்டிக்கு 1983-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். கசடு நீக்கமும் ஆண்டுதோறும், சட்டப்படியான ஆய்வும் ஆண்டுதோறும். உங்கள் ஊர் விதியில் காலக்கெடு இருந்தால், கம்பு என்ன சொன்னாலும் கெடுதான் செல்லும். கெடுவுக்கு முன்பே கம்பு எச்சரித்தால் கம்பு சொல்வதைக் கேளுங்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? கசடு டீயின் வாயை எட்டியதும் திடப்பொருள் வெளியேறி, டேங்க் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போகும். அங்கே மண்ணின் துளைகளில் கறுப்பாக, வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். டேங்கை அரைநாளில் காலி செய்துவிடலாம். அடைத்துப்போன மண்ணை லாரியால் உறிஞ்ச முடியாது. வேறிடத்தில் புதிதாகத் தோண்டவேண்டியதுதான்.

லாரிக்காரர் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார். ஏமாந்துவிட்டோமா?

அப்படித்தான் தெரிகிறது. பத்து நிமிடத்தில் பெரும்பாலும் போயிருப்பது நடு அடுக்கின் தண்ணீர். அடியில் இறுகிய கசடு அப்படியே கிடக்கும், அடுத்த மாதமே பழைய கதை. ஏட்டைக் குத்தி உடைத்து, கசட்டைக் கலக்கி, அதே நீரைக் கொஞ்சம் திரும்பப் பீய்ச்சிக் கரைத்து, பிறகு உறிஞ்சவேண்டும். இரண்டு அறை இருந்தால் இரண்டு மூடியையும் திறந்தாகவேண்டும். முதல் அறையை மட்டும் காலி செய்துவிட்டுப் போவது வழக்கமான தில்லுமுல்லு.

குழாயைப் பெரிய மூடி வழியாக இறக்கச் சொல்லுங்கள். டீயின் தலைக்கு மேலே உள்ள சிறு துளை வழியாக நுழைத்தால் டீ உடைந்துபோகும். உடைந்தது வெளியே தெரியவும் தெரியாது. உறிஞ்சும்போது வெளியேறும் குழாயில் கண் இருக்கட்டும். அதன் வழியே தண்ணீர் டேங்குக்குள் திரும்பி ஓடிவந்தால், உறிஞ்சு குழி தளும்பி நிற்கிறது என்று பொருள். இதைப் பார்க்க வேறு நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. காலியானதும் டார்ச் அடித்து, மேலே நின்றபடியே சுவர் விரிசலையும் தடுப்புச் சுவரையும் பாருங்கள்.

கழுவித் துடைத்து பிளீச்சிங் பவுடர் தூவவேண்டாம். அடியில் ஒட்டிக் கிடக்கும் கொஞ்சம் கசடு அடுத்த சுற்றுக்கு உறைமோர் மாதிரி. உடனே தண்ணீர் விட்டு நிரப்பிவிடுங்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் காலி டேங்க், அதுவும் ஃபைபரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது, மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து கிளம்பும். வெள்ளம் வடியாத நாட்களில் கசடு எடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ரசீதில் தேதி, லிட்டர் அளவு, வண்டி எண், கசட்டைக் கொட்டப்போகும் இடம் நான்கும் இருக்கட்டும். கொட்டும் இடத்தைச் சொல்லத் தயங்கும் வண்டி, ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டும் வண்டியாக இருக்கக்கூடும். உள்ளாட்சி உரிமம் பெற்ற வண்டியா என்பதைக் கூப்பிடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கசடு கல் மாதிரி இறுகிவிட்டது, ஆள் இறங்கினால்தான் முடியும் என்கிறார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறங்கலாமா?

கூடாது. ஐந்து நிமிடத்துக்கும் கூடாது, மூடியை நேற்றே திறந்து வைத்திருந்தாலும் கூடாது.

உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கசட்டைக் கிளறும்போது ஒரேயடியாக மேலே வரும். கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவைத் தாண்டியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்போது வாடை இல்லை’ என்று ஆள் நம்பி இறங்குவது சரியாக அந்த நேரத்தில்தான். 500 பிபிஎம்முக்கு மேல் சில நிமிடத்தில் சுருண்டு விழுவார். 1000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். துணியும் சாதாரண முகக்கவசமும் வாயுவைத் தடுக்காது. விழுந்தவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் இறப்பது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. யாராவது விழுந்துவிட்டால் மேலேயே நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

இறுகிய கசட்டுக்கு வழி உண்டு. தண்ணீர் விட்டு ஊறவைத்து, உயர் அழுத்த நீர்ப்பீச்சியால் மேலிருந்தே கரைத்து, இரண்டு மூன்று நடையாக உறிஞ்சுவார்கள். இந்தியாவில் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரர் அனுப்பினார் என்று வீட்டுக்காரர் கைகழுவ முடியாது. நேராக வேலைக்கு வைத்தாலும் இன்னொருவர் மூலம் வைத்தாலும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே.

கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. கோளாறு குழாயிலா, டேங்கிலா?

ஒரே ஒரு கழிப்பறையில் மட்டும் என்றால் அந்தக் குழாயில்தான் அடைப்பு. தரைத்தளத்தில் எல்லா இடத்திலும் என்றால் டேங்கின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்பில் வழக்கம்போல நின்றால், அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில், அல்லது உள்நுழையும் டீயில். மட்டம் அதைவிட ஏறியிருந்தால் வெளியேறும் டீயோ உறிஞ்சு குழியோ அடைத்திருக்கிறது. மட்டம் இறங்கியிருந்தால் இன்னும் மோசம்: டேங்க் கசிகிறது, கழிவுநீர் தெளியாமலே மண்ணுக்குள் போகிறது. மழைக்காலத்தில் மட்டும் மெதுவாகிறது என்றால், மொட்டைமாடி மழைக்குழாயை யாராவது டேங்கோடு இணைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்த இணைப்பைத் துண்டிப்பதே மருந்து.

நுண்ணுயிர்ப் பவுடர் போட்டால் கசடே எடுக்கவேண்டியதில்லை என்று விளம்பரம் வருகிறதே?

தேவையான நுண்ணுயிர்கள் மலத்தோடு தினமும் இலவசமாக வருகின்றன. எந்தப் பவுடரும் மணலையும் மக்காத பொருளையும் கரைக்காது. கசட்டைக் குழம்பாக்கிவிடும் ரசாயனக் கரைப்பான்கள் கெடுதலே செய்யும். கசடு உறிஞ்சு குழிக்குப் போகும், கரைப்பான் நிலத்தடி நீருக்குப் போகும். அந்தக் காசைக் கசடு லாரிக்குச் சேர்த்து வையுங்கள்.

சுகாதாரத் துறை ஆய்வுக்கு வருகிறதாம். என்ன பார்ப்பார்கள்?

வெளியே என்ன போகிறது, எங்கே போகிறது என்பதுதான் அவர்களின் அக்கறை. மூடி திறக்கக்கூடியதா, அல்லது மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டீர்களா? டீ குழாய்கள் இருக்கின்றனவா? வெளியேறும் நீர் உறிஞ்சு குழிக்குப் போகிறதா, மழைநீர்க் கால்வாய்க்கா? சந்தேகம் வந்தால் கழிப்பறையில் நிறச்சாயம் ஊற்றி, கால்வாயில் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். டேங்க், குழி, கிணறு மூன்றும் எங்கே இருக்கின்றன என்ற வரைபடமும், கசடு எடுத்த ரசீதுகளும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டம் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அயர்லாந்தில் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டு டேங்கையும் பதிவு செய்யவேண்டும். ஆய்வு செய்வது உள்ளாட்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டை விற்கும்போது பிடிக்கிறார்கள்; விற்பனைக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் டேங்க் ஆய்வு நடந்திருக்கவேண்டும் என்பது பொது விதி. இங்கிலாந்தில் செப்டிக் டேங்க் நீரை ஆற்றிலோ ஓடையிலோ நேரடியாக விடவே முடியாது. இருப்பவற்றில் நமக்குப் பிடித்தது மாசசூசெட்ஸ் முறை. வீடு கைமாறும் நேரத்தில்தான் வாங்குகிறவர், விற்கிறவர் இருவருமே கேள்வி கேட்பார்கள்.

கிணற்றுக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்? எங்கள் கிணற்று நீர் தெளிவாகத்தான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பது சான்று ஆகாது. பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் தரங்கள் குழிக்கும் நீராதாரத்துக்கும் இடையே குறைந்தது 30 மீட்டரும், குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 1.5 மீட்டரும் கேட்கின்றன. இரண்டாவது அளவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறிக் குழியைத் தொட்டால், மேலே 30 மீட்டர் தள்ளியிருந்தும் பயன் குறைவு.

நீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா, நைட்ரேட் இரண்டையும் கேளுங்கள். 100 மி.லி. நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைட்ரேட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் ஈ.கோலை சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாவதால் இன்னும் செறிவாகும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

செப்டிக் டேங்க் காற்றுக்குழாயில் வலை கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. எதற்கு?

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, இப்படிப்பட்ட அழுக்கு நீரில்தான் முட்டையிடும். ஒரே காற்றுக்குழாய் வழியாகத் தெருவுக்கே போதுமான கொசு கிளம்பும். நைலான் வலையைக் குழாயின் வாயில் தளர்வாகப் போர்த்தி, துருப்பிடிக்காத கம்பியால் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் வெயிலில் காய்ந்து சீக்கிரம் கிழியும். மூடியின் ஓரத்து இடுக்குகளைச் சிமெண்டால் பூசாமல், அடுத்த முறை திறக்க வசதியாகச் சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள்.