கூரை ஏறும் முன் பத்திரத்தைத் தேடுங்கள்

கேள்வி: ஏற்காடு மலையில் 1930-களில் கட்டப்பட்ட சிறிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் எங்களுடையது. காபித் தோட்டங்களில் வேலை செய்யும் 60 குடும்பங்கள்தான் சபை. ஓட்டுக் கூரை ஒழுகுகிறது. பீடத்தின் பின்சுவர் ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கிறது. அரசு நிதியுதவி கிடைக்குமா? துபாயில் இருக்கும் சபைத் தம்பி ஒருவர் பணம் தருவதாகச் சொல்கிறார். உடனே வேலையைத் தொடங்கலாமா?
– ஆலயச் செயலர்

பதில்: ஐயா, அரசு நிதிக்கு விண்ணப்பிக்க உங்கள் ஆலயத்துக்கு வயதுத் தகுதி தாராளமாக இருக்கிறது. ஆனால் பெரிய வேலை எதையும் இப்போது தொடங்காதீர்கள். ஆட்சியர் தலைமையிலான குழு நேரில் வந்து பார்த்த பிறகுதான் பரிந்துரை செய்யும். பழுதை நீங்களே சரிசெய்துவிட்டால் அவர்கள் பார்க்க என்ன இருக்கும்? நழுவிய ஓடுகளைத் திரும்ப அடுக்குங்கள், தேவைப்பட்டால் தார்ப்பாய் போடுங்கள். அதற்கு முன் ஒழுகும் இடங்களையெல்லாம் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2016-17 முதல் நிதி தருகிறது. சொந்தக் கட்டடத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் ஆலயங்களுக்கு இது உரியது. 10 முதல் 15 ஆண்டு, 15 முதல் 20 ஆண்டு, 20-க்கு மேல் என வயதைப் பொறுத்துத் தொகை கூடும். தொடக்கத்தில் இது 1, 2, 3 லட்சம் ரூபாயாக இருந்தது; பிறகு உயர்த்தப்பட்டது. நடப்பு ஆண்டின் உச்சவரம்பை, சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பீடம், கழிப்பறை, குடிநீர் வசதி ஆகியவற்றுக்கும் பின்னாளில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை வாங்கினால் அடுத்த 5 ஆண்டுகளுக்குக் கேட்க முடியாது. அதனால்தான் என்ன கேட்பது என்பதில் இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன்.

நல்ல ஆலயங்கள் தடுக்கி விழும் இடம் பத்திரம். ஆலயம் நிற்கும் இடம் பதிவுத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மலையில் "அந்தக் காலத்துத் துரை வாய்மொழியாகக் கொடுத்த இடம்" என்ற பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை நம்பி மனுப் போடாதீர்கள். சேலம் பகுதியின் பழைய ஆலயங்கள் பல லண்டன் மிஷன் என்ற ஆங்கிலேய மிஷனரி சங்கத்தின் வழி வந்தவை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு, இத்தகைய சொத்துகளைத் திருச்சபையின் சொத்து அமைப்பான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் வைத்திருப்பது வழக்கமாயிற்று. ஆகவே பத்திரம் உங்கள் சபையின் பெயரில் இல்லாமல் இருப்பது இயல்பே. முதலில் ஆயரை அழைத்துக்கொண்டு உங்கள் பகுதி ஆலயங்களை நிர்வகிக்கும் கோவைத் திருமண்டல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் கேட்டு மனுக் கொடுங்கள். கணினியில் வராத பழைய ஆண்டுகளுக்குப் புத்தகத்தைப் புரட்டித்தான் தேடுவார்கள், நாளாகும். பதிவே நடக்கவில்லை என்று தெரிந்தால், இன்றைய தோட்ட உரிமையாளரிடம் பேசித் தானப் பத்திரம் எழுத முடியுமா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள். கட்டடத்தின் வயதைக் காட்ட மூலைக்கல்லின் எழுத்தும் பழைய ஞானஸ்நானப் பதிவேடும் துணைக்கு வரும்.

துபாய்த் தம்பியின் மனது பெரியது. ஆனால் சீரமைப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து உதவி பெற்றிருக்கக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் நிபந்தனை. இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதை வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தடுப்பதில்லை. இருந்தாலும் இந்தக் கோப்பில் அது வீண் கேள்வியை எழுப்பும். சீரமைப்புக் கணக்கில் அந்தப் பணத்தைச் சேர்க்காதீர்கள்.

இனி பழுதுபார்ப்புச் செலவின் மதிப்பீடு. பொறியாளர் வருவதற்கு முன் நீங்களே ஏணி வைத்து ஏறி, கைமரங்கள் (கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள்) சுவரில் உட்காரும் முனைகளை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுத்து நிறுத்தும். உளுத்த மரம் ரஸ்க் ரொட்டிபோல உள்ளே விடும். எத்தனை முனைகள் உளுத்திருக்கின்றன என்று சாக்பீஸால் எண் போடுங்கள். பெரும்பாலும் ஓடுகளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். மாற்ற வேண்டியது மரமும், ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களும்தான். ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடச் சொல்பவர்கள் வருவார்கள். ஏற்காட்டு மழையில் தகரத்தின் கீழே பிரசங்கம் காதில் விழாது.

பின்சுவருக்கு வருவோம். ஆலயம் சரிவை வெட்டிக் கட்டியதாக இருந்தால், பின்னால் போய் மண்மட்டத்தைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் மேட்டு மண் இறங்கி, உள்தரையைவிட ஒன்றிரண்டு அடி உயரத்துக்குச் சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும். ஈரம் அங்கிருந்துதான் ஏறுகிறது. மண்ணை வெட்டி எடுத்து, சுவரை விட்டு விலகி ஜல்லி நிரப்பிய வடிகால் ஒன்று அமைத்தால் பாதி நோய் தீரும். 1930-களின் கல் சுவர் சுண்ணாம்புக் கலவையால் ஆனதென்றால் அதன்மேல் சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மூச்சுபோல வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும். ஓர் ஆலயத்தில் புதுப் பூச்சு இரண்டே மழையில் பாளம் பாளமாகப் பெயர்ந்து பீடத்தின்மேல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தச் சபை கூலிப் பணத்தில் சேர்த்த காசு அது. மதிப்பீட்டிலேயே "சுண்ணாம்புப் பூச்சு" என்று எழுதச் சொல்லுங்கள்.

பணம் இரண்டு தவணைகளாக ஆலயத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் தவணைக்குக் கூரையும் வடிகாலும், இரண்டாவதுக்குச் சுவர்ப் பூச்சு என்று வேலையைப் பிரித்து வையுங்கள். கூரையைத் திறக்க ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. அதற்குள் பணம் வரவேண்டுமானால் பத்திரம் தேடும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள்.