சிமுலேஷனில் 90 மதிப்பெண், நிஜ நோயாளி முன் தடுமாற்றம்: என்ன செய்யலாம்?

கேள்வி: நான் இறுதியாண்டு மருத்துவ மாணவி. அவசர சிகிச்சைக்கான கணினி சிமுலேஷனில் 90-க்குக் குறையாமல் மதிப்பெண் வாங்குகிறேன். ஆனால் நிஜ நோயாளி முன் நின்றால் எதுவும் ஓடுவதில்லை. இந்தப் பயிற்சியால் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. ஆனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் எதைச் செய்தீர்கள் என்ற நேரப் பதிவைப் பாருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் அது இருக்கும்.

அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை) கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் ஆக்சிஜன், அப்புறம் ஐவி லைன் (ரத்த நாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்), ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமை மருந்து), ஸ்டீராய்டு, ஐந்தாவது நிமிடத்தில் அட்ரினலின். எல்லாமே செய்தாயிற்று என்று மென்பொருள் மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் பெரியவர்களுக்கு 0.5 மி.கி. அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவதுதான் முதல் மருந்து. அதற்கு ஐவி லைன் தேவையே இல்லை. அந்த நான்கு நிமிடத் தாமதம் மதிப்பெண்ணில் தெரியாது, பதிவில் தெரியும்.

உங்கள் தடுமாற்றத்துக்கு முக்கியக் காரணம் மெனு என்றே நினைக்கிறேன். திரையில் மருந்துப் பட்டியலைப் பார்த்ததும் 'ஆமாம், இதுதான்' என்று தோன்றிவிடுகிறது. வார்டில் பட்டியலை யாரும் நீட்டுவதில்லை. அதனால் மெனுவைத் திறக்கும் முன்பே மருந்து, அளவு, செலுத்தும் வழி மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேஸை இடையில் நிறுத்திவைக்கும் பாஸ் (pause) பட்டனைத் தொடாதீர்கள். அதே கேஸை அன்றைக்கே திரும்பச் செய்யாமல் ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள்.

திரையால் முடியாததும் உண்டு. மாரடைப்பு அல்ல, இதயமே நின்றுபோன கேஸில், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மானிட்டரில் இதயத்தின் ரிதம் பார்ப்பதையும், அசிஸ்டோலுக்கு (இதயத்தில் மின் துடிப்பே இல்லாத நிலை) மின் அதிர்ச்சி, அதாவது ஷாக் கிடையாது என்பதையும் கணினி நன்றாகவே பழக்கிவிடும். ஆனால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துவது மவுஸில் வராது. மூச்சுக் கொடுக்கும் மாஸ்க்கை நோயாளியின் முகத்தில் காற்று கசியாமல் பிடிப்பதும் அப்படித்தான். இரண்டுக்கும் பயிற்சி பொம்மைதான் வேண்டும். (பத்தே நொடியில் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் அதிசயமும் திரையில் மட்டும்தான்!)

முடிந்தால் தனியாக உட்காராதீர்கள். தோழியிடம் மவுஸைக் கொடுத்துவிட்டு நீங்கள் உத்தரவு மட்டும் போடுங்கள். நீங்கள் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கிளிக் செய்ய வேண்டும். "அட்ரினலின் கொடு" என்று மொட்டையாகச் சொன்னால் "எவ்வளவு? எங்கே?" என்று கேட்கட்டும். சொல்லும்வரை கடிகாரம் ஓடட்டும்.