ஓட்டில் சாய்ந்த வேப்பங்கிளையும் பேட்டரி கம்பு ரம்பமும்

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 64. எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டி நிற்கும் வேம்பின் கிளை ஒன்று ஓட்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை. மகன் பெங்களூரிலிருந்து பேட்டரியில் ஓடும் கம்பு ரம்பம் வாங்கி அனுப்பினான். 20 வோல்ட், 8 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), எடை குறைவு என்று போட்டிருந்தது. பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும் போல ஆகிவிட்டது, பாதி அறுத்ததும் ரம்பம் கிளைக்குள் மாட்டிக்கொண்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் கிளையை எடுத்தாக வேண்டும். கருவி சரியில்லையா, நான் பிடிக்கும் விதம் சரியில்லையா?"

அண்ணே, கருவியில் குற்றம் இருப்பதாகத் தெரியவில்லை. ரம்பம் மாட்டியதற்குக் காரணம் அந்தக் கிளை ஓட்டின் மேல் தலை வைத்துப் படுத்திருப்பதுதான். நுனி அந்தரத்தில் தொங்கும் கிளையை மேலிருந்து அறுத்தால், அதன் பாரமே அதைக் கீழே இழுத்து வெட்டுவாயைத் திறந்துகொண்டே போகும், ரம்பம் சுகமாக இறங்கும். உங்கள் கிளைக்கு ஒரு முனையில் மரம், இன்னொரு முனையில் ஓடு. நடுவில் அறுக்க அறுக்க நடுப்பகுதி தொய்ந்து, மேலே வெட்டுவாய் இறுகி மூடிக்கொள்ளும். பாக்குவெட்டிக்குள் விரலை விட்ட மாதிரிதான், நடுவில் இருக்கும் பார் இறுகி மாட்டிக்கொள்ளும்.

மாட்டினால் முதலில் சுவிட்சை விட்டுவிட்டுப் பேட்டரியைக் கழற்றுங்கள். கம்பைப் பிடித்து முறுக்குவதும் தொங்குவதும் வேண்டாம், நான் காரைக்குடியில் பழுதுபார்க்கும் கம்பு ரம்பங்களில் பார் வளைந்து வருபவை பெரும்பாலும் இப்படி இழுக்கப்பட்டவைதான். கவைக் கம்பு ஒன்றை வெட்டுக்குப் பக்கத்தில் கிளைக்கு அடியில் கொடுத்து, நீங்கள் அதற்கு நேர் கீழே நிற்காமல், லேசாக மேலே தள்ளினால் வாய் திறக்கும், ரம்பம் வந்துவிடும்.

இனி எப்படி அறுப்பது என்பது. நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் கொப்புகளை, கட்டைவிரல் கனம், மணிக்கட்டு கனம் உள்ளவற்றை, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் பாரம் குறையக் குறையக் கிளை தானாகவே கொஞ்சம் நிமிர்ந்து ஓட்டை விட்டு எழும்பும். எழும்பிய பிறகுதான் அது அந்தரக் கிளை. அப்போது மேலிருந்து இரண்டு மூன்று அடித் துண்டுகளாக அடிமரத்தை நோக்கி வாருங்கள். பெரிய துண்டாக ஒரேயடியாகத் தள்ளிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது நாட்டு ஓடு, நொறுங்கினால் அதே அளவில் அதே ஓடு தேடி அலைய வேண்டும், மாற்றி வேய ஆள் கிடைப்பது மரம் ஏற ஆள் கிடைப்பதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு துண்டை அறுப்பதற்கு முன்னும் அதன் நுனிப்பக்கம் நீளமான கயிற்றைத் தொரட்டியால் மாட்டிவிட்டு, இன்னொருவர் நன்றாகத் தள்ளி, கிளை விழுந்தாலும் உருண்டாலும் எட்டாத தூரத்தில் தோட்டத்துப் பக்கமாக நின்று இழுத்துப் பிடிக்கட்டும்.

தோள் வலிக்கு வருகிறேன். பெட்டியில் 4 கிலோ என்று போட்டிருந்தால் அது மொத்த எடை. அந்த எடை எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் தோளுக்கு முக்கியம். மோட்டாரும் பாரும் உச்சியில் இருக்கும் ரம்பத்தில் தலை மட்டும் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம், அது கம்பை முன்னால் பிடிக்கும் உங்கள் கையிலிருந்து (முன்கை) 2 மீட்டர் தள்ளி இருக்கிறது, பின்னால் பிடிக்கும் கை (பின்கை) அதற்கு 60 சென்டிமீட்டர் பின்னால். கம்பைப் படுக்கையாக நீட்டினால் தலையைச் சமன்செய்ய மட்டும் பின்கை 5 கிலோ அளவுக்குக் கீழே அழுத்த வேண்டும், முன்கை அதற்கும் மேலே தாங்க வேண்டும். பத்து நிமிடம் அப்படி நின்றால் இளவட்டத்துக்கே தோள் போய்விடும். அதே கம்பைத் தரைக்கு 60 பாகை வரை நிமிர்த்திப் பிடித்தால், கம்பைக் கீழே சாய்க்கப் பார்க்கும் அந்தத் திருகல் பாதியாகிவிடும். அதற்கும் மேலே செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள், அறுபட்ட கிளை நேரே உங்கள் தலைக்குத்தான் வரும். எட்டாத இடத்துக்கு ஏணி வேண்டாம். ஏணியில் நின்று ஓடும் ரம்பத்தைப் பிடிப்பதை இந்த வயதில் மட்டுமல்ல, எந்த வயதிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று, நீங்கள் அழுத்தி அறுத்திருப்பீர்கள். செயினை ஓடவிட்டு, கிளையின் மேல் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள், தலையின் பாரமே அறுக்கும், உங்கள் வேலை வழிகாட்டுவது மட்டும். அப்படியும் இறங்கவில்லை என்றால் பல் மழுங்கியிருக்கிறது. விழும் தூளைப் பாருங்கள்: சீவல் மாதிரி விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது, மாவு மாதிரி கொட்டினால் அரம் போட வேண்டும். செயின் தளர்ச்சியையும் பாருங்கள், புதுச் செயின் முதல் சில நிமிடங்களிலேயே தளரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சூடு ஆறியபின், கையுறையோடு செயினை நடுவில் இழுத்தால் கொஞ்சம் எழும்பி, விட்டதும் டக்கென்று பாரோடு ஒட்ட வேண்டும். பாருக்குரிய எண்ணெய் இல்லாமல் ஓட்டாதீர்கள். பைக்கிலிருந்து எடுத்த கறுத்த பழைய ஆயிலை ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதில் இருக்கும் இரும்புத் துகள் பாரையும் செயினையும் அரித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை: அந்த வேம்புப் பக்கம் கரண்டுக் கம்பி போகிறதா? செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பதால் பின்பக்கத் தெருவிலும் மின்கம்பம் இருக்கும். இந்தக் கம்புகள் பெரும்பாலும் அலுமினியம், கைப்பிடியில் ரப்பர் இருப்பதை நம்பாதீர்கள். கம்பியிலிருந்து 10 அடிக்குள் ரம்பமோ கிளையோ வர வாய்ப்பிருந்தால் தொடவே வேண்டாம், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி லைனை நிறுத்தி அவர்களே வெட்டட்டும். இதில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

கண்ணாடி, தலைக்கவசம், ஷூ மூன்றும் வேண்டும். அண்ணாந்து பார்த்து அறுக்கும்போது தூள் நேரே கண்ணுக்குத்தான் வரும். காற்று வீசும் நாளில் வேலை வேண்டாம். ஆரம்பிக்கும் முன் கிளையில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

கடைசியில் அடிமரத்துக்குப் பக்கத்தில் மிஞ்சும் ஒன்றரை அடிக் கட்டை. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் வளையம் மாதிரி ஒரு புடைப்பு தெரியும். அதை விட்டுவிட்டு அதற்குச் சற்று வெளியே அறுங்கள், அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடும். மரத்தோடு வழித்து அறுத்தால் காயம் பெரிதாகி ஆறாது, நீளமாகக் கட்டை விட்டாலும் அது செத்து அழுகல் உள்ளே இறங்கும். வேம்புக்குத் தாரோ பெயிண்டோ பூச வேண்டியதில்லை. அந்த இடத்தில் கிளை 10 சென்டிமீட்டருக்கு மேல் கனமாக இருந்தால், 8 அங்குல பாரில் முடியும் என்று கடைக்காரர் சொன்னாலும், அந்தக் கடைசி வெட்டை மட்டும் மரம் ஏறுபவருக்காக விட்டுவைக்கலாம். பாரமெல்லாம் போனபின் மீதி கட்டைதான், அது ஒரு மாதம் காத்திருந்தாலும் ஓட்டுக்கு ஆபத்தில்லை.

இதே ரம்பத்தை மாமரத்துக்கும் கொண்டுபோவீர்கள் என்று நினைக்கிறேன். காய்ப்பு முடிந்தபின் செய்யுங்கள், மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கை சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முருங்கை எதிர்பாராமல் முறியும், அதற்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. தென்னை மட்டைக்கு மட்டும் இது வேண்டாம், நார் செயினில் சுற்றி இறுக்கிவிடும், அதற்குப் பழைய தொரட்டிதான் சரி.

பேட்டரி வெயிலில் கிடக்கக் கூடாது. வேலை முடிந்ததும் உடனே சார்ஜ் போடாமல் ஆறவிடுங்கள். அடுத்த வேலை பங்குனியில்தான் என்றால் பாதி சார்ஜில் கழற்றி, வளவு (வீட்டின் உள்கட்டு) மாதிரி நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அப்புறம், கிளை போனதும் ஓட்டின் இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாயில் அடைந்திருக்கும் வேப்பஞ்சருகை ஆள் விட்டு ஒரு முறை அள்ளச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் தடையில்லாமல் முற்றத்துக்கு இறங்கட்டும்.